பத்திரிகைக்காரர் மனைவியின் பிறந்த வீடு

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1880களில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வாரப் பத்திரிகை நடத்தியவர். அவர் பேர் இதழுக்கு இதழ் இருக்கு. எழுத்துக் கோத்துக் கொடுத்த மனைவியோ வெறும் ‘திருமதி இன்னார்’. (அந்தக் காலத்து மரியாதை!) 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் ஒன்றுமே இல்லை. அவர் பிறந்த வீட்டை எப்படிப் பிடிப்பது?

பதில்: அதை விடுங்க, 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் நாசமாச்சு. 1880ஐப் பாருங்க. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பெற்றோர் பிறந்த இடம் எது என்றெல்லாம் இருக்கும். வீட்டோடு அவருடைய மாமியார், அதாவது மனைவியின் அம்மா, இருந்திருந்தால் அதிர்ஷ்டம்தான்.

பதில்: அக்கா, அவர் பத்திரிகையையே வரிவரியா படிங்க. “ஆசிரியரின் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்” மாதிரி துணுக்கு மாட்டும். பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் இருக்கும் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ இணையதளம் இலவசம்.

பதில்: பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழையும் வாங்குங்க. தாயின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும்.