மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நடுவே தெரியும் நந்தி: அங்கே ஊர் இருந்ததா?

கேள்வி – டெல்டாவாசி

தஞ்சைப் பகுதியில் வளர்ந்த எனக்கு மேட்டூர் என்றால் காலைச் செய்தியில் சொல்லப்படும் நீர்மட்டம்தான். அது 120 அடியை நெருங்கும் ஆண்டுகளில் வீட்டில் குறுவை நெல் சாகுபடிப் பேச்சு களைகட்டும். இறங்கிக்கொண்டே போனால் பெரியவர்கள் முகம் வாடிவிடும். அண்மையில் ஒரு பழைய படத்தில், வறண்ட நீர்த்தேக்கத்தின் நடுவே நந்தி சிலையொன்று நிற்பதைக் கண்டேன். அங்கே ஊர் இருந்ததா? இப்போது அந்தக் கரையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

பதில் – பழஞ்சுவடி

ஊர்கள் இருந்தன. காவிரி நீர் குறித்துச் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924இல் உடன்பாடு செய்துகொண்டதைத் தொடர்ந்து 1925இல் தொடங்கிய அணைப்பணி, 1934இல் நிறைவுற்றது. அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரையே நீர்த்தேக்கத்துக்கு இட்டார்கள். 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீரைத் தேக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 59 சதுர மைல் நிலத்தை நீருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பரப்பில் இருந்த வீடுகளும் வயல்களும் வழிபாட்டு இடங்களும் மூழ்கின. நீங்கள் கண்ட நந்தி, பண்ணவாடியில் மூழ்கிய சலகண்டேசுவரர் கோயிலுடையது. நீர் இறங்கும்போது முதலில் தலைகாட்டுவது அங்குள்ள கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம். இன்னும் இறங்கிய பின்னரே நந்தி தெரியும். இதே திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்டதுதான் உங்கள் பக்கத்துக் கல்லணைக் கால்வாய் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

பதில் – கரையோரத்தான்

வரலாற்றை நண்பர் சொல்லிவிட்டார். கரையில் இருந்து பார்ப்பதை நான் சொல்கிறேன். உங்களுக்குக் கவலை தரும் அதே இறக்கம், இங்கே சிலருக்கு விதைப்புக் காலம். நீர் விலகிய வண்டல் நிலத்தில் உழவர்கள் சோளம், எள், நிலக்கடலை ஆகியவற்றை விதைக்கிறார்கள். அந்த நிலம் அரசுக்குரியது, விதைத்தவர்களுக்குப் பட்டா இல்லை. ஆகவே கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் திடீரென்று வந்துவிட்டால், அறுவடைக்கு முந்திய பயிர் மூழ்குவதைக் கரையில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மீனவர்களுடைய கணக்கோ வேறு. மீன்வளத்துறை விடும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் வளர்ந்து பெருகத் தண்ணீர் நிற்க வேண்டும். உரிமம் பெற்றுப் பரிசலில் வலை வீசும் அவர்கள், தேக்கம் சுருங்கிவிட்டால் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்?

டெல்டாவாசி

மிக்க நன்றி. இரு கரைகளுக்கும் இடையே இன்னும் படகுப் போக்குவரத்து உண்டா?

கரையோரத்தான்

உண்டு. சேலம் மாவட்டப் பண்ணவாடிக்கும் தருமபுரி மாவட்ட நாகமரைக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது, சாலை வழியாகச் சென்றால் நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்கப் படகுத்துறையும் தண்ணீரைத் தேடிக் கீழே நகர்கிறது. பயணிகள் சேற்றைக் கடந்து வெகுதூரம் நடந்துதான் படகேறுகிறார்கள்.