டெர்மினல் "நான் இன்னார்" என்று சொன்னபோது உங்களுக்கு நடந்தது என்ன?

வேகம் குறைந்த இணைப்பு. புட்டி என்ற டெர்மினல் மென்பொருள் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) வழியாகத் தொலைதூர சர்வருக்குள் போய், விம் என்ற உரை எடிட்டரைத் திறந்த கையோடு மூடியும்விட்டேன். பார்த்தால், கட்டளை வரியில் நான் தட்டாத 0;136;0சி நிற்கிறது! யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் வேறு. விம் தொடங்கும்போதே "நீ எந்த டெர்மினல், எந்தப் பதிப்பு?" என்று எஸ்கேப் குறியீடு ஒன்றை, அதாவது திரையில் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துத் தொடரை, அனுப்பிக் கேட்கிறது. புட்டி அதற்குச் சொல்லும் பதில்தான் இந்த 136. பதிலுக்கென்று தனிப் பாதை கிடையாது. நாம் விசைப்பலகையில் தட்டும் எழுத்துகள் போகும் அதே வழியில்தான் அதுவும் போகிறது. அது போய்ச் சேர்வதற்குள் விம் மூடிவிட்டது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு என்ன தெரியும், நான் தட்டியதாகவே எடுத்துக்கொண்டது.

மறுமொழி 1

பைனரி கோப்பு (வெறும் உரையாக இல்லாத கோப்பு) ஒன்றை கேட் கட்டளையால் திரையில் கொட்டிப் பாருங்கள், புட்டி தன் பெயரையே வரிசையாகக் கட்டளை வரியில் எழுதித் தள்ளும். கோப்புக்குள் வரும் ஒவ்வொரு ஆஸ்கி 5-ம் (எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் 5-ஆம் குறி) அதற்கு "நீ யார்?" என்ற கேள்வி. இந்த வழக்கம் தொலை அச்சு இயந்திரக் காலத்தது. டெலிடைப் மாடல் 33 ஒன்றைப் பழுது பார்க்கும்போது கூட இருந்திருக்கிறேன். உள்ளே சிறு பிளாஸ்டிக் உருளை, அதில் பல் பல்லாக நீட்டல்கள். வேண்டாத பற்களை உடைத்து எடுத்தால் மிச்சம் இருப்பதுதான் இயந்திரத்தின் அடையாளம், அதிகபட்சம் 20 எழுத்து. உடைத்த பல்லை ஒட்டவா முடியும்? பழைய உரிமையாளரின் குறியீட்டையே அது இன்னும் அச்சடித்துக்கொண்டிருந்தது.

மறுமொழி 2

நான் மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) ஆள். எங்கள் பக்கம் டெல்நெட் என்ற தொலை இணைப்பு தொடங்கும்போதே பெயர் சொல்லியாக வேண்டும். என் எமுலேட்டர் (பழைய டெர்மினல்போல் நடிக்கும் மென்பொருள்) தன்னை ஐபிஎம்-3278-2 என்ற பழைய டெர்மினல் மாடல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலை எவ்வளவு இழுத்துப் பெரிதாக்கினாலும் 24 வரிதான் வரும். கடைசி எண்ணை 4 என்று மாற்றி மறுபடி இணைத்தேன், 43 வரி வந்தது. ஹோஸ்ட், அதாவது எதிர்முனைக் கணினி, நம் ஜன்னலைப் பார்ப்பதில்லை, சொன்ன பெயரை அப்படியே நம்புகிறது.

மறுமொழி 3

லினக்ஸ் கன்சோலைக் (ஜன்னல்கள் இல்லாத வெறும் எழுத்துத் திரை) கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் "நான் விடி102" என்று ஒரு பழைய டெர்மினலின் பெயரைத்தான் சொல்கிறது. சரி, இப்படிப் பழைய பெயரைச் சொல்பவர்களால் தொல்லையில்லை. புதுப் பெயர் வைத்துக்கொண்டு வருபவைதான் பாடாய்ப் படுத்துகின்றன. என் புது டெர்மினலின் பெயர் பழைய சர்வரின் டெர்ம்இன்ஃபோ பட்டியலில் (எந்த டெர்மினல் எப்படி நடக்கும் என்ற விவரத் தொகுப்பு) இல்லை. எடிட்டர் திறக்கவே மறுத்தது, பேக்ஸ்பேஸ் அழிப்பதற்குப் பதில் இடைவெளி போட்டது. டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் மாறியில், பரவலாகத் தெரிந்த எக்ஸ்டெர்ம்-256கலர் என்ற பெயரைக் கொடுத்து அப்போதைக்குச் சமாளித்தேன். அப்புறம் என் கணினியில் இன்ஃபோகம்ப் கட்டளை கொண்டு புது டெர்மினலின் விவரத்தை எடுத்துப்போய், அங்கே டிக் கட்டளையால் பதிந்தேன். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை, நம் ஹோம் அடைவிலேயே உட்கார்ந்துகொள்ளும்.