யூஎஸ்பி இணைத்தால் சாம்ப்ளரில் இரைச்சல்: உதவி தேவை

கையடக்க சாம்ப்ளரை (பதிவு செய்த ஒலிகளைப் பட்டன் தட்டி இசைக்கும் கருவி) மடிக்கணினியின் யூஎஸ்பியில் இணைத்ததும் மிக்ஸரில் கீச்சென்ற இரைச்சல் எழுகிறது. மூன்று வாரங்களாக இதே பாடு. இடம் தஞ்சாவூர், வீட்டு மாடி அறை. கருவியில் 16 பட்டன்கள், ஆறு ஏஏ பேட்டரிகள். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் சத்தமே இல்லை. மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கினாலும் இரைச்சல் வெகுவாக அடங்குகிறது. எர்த் கோளாறு என்றே சந்தேகம். கேபிள்களை மாற்றினேன், எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டில் செருகினேன். பலனில்லை.

தாத்தாவின் உடுக்கையைப் பதிவு செய்து வெட்டி வைத்திருக்கிறேன். இடைக்கயிற்றை அழுத்தும்போது நாதம் குழைந்து தேய்கிறதே, அந்தக் கடைசி இழையைத்தான் இரைச்சல் விழுங்குகிறது. மடிக்கணினிக்கும் சாம்ப்ளருக்கும் இடையே மிடி (எந்த ஒலி எப்போது என்று சொல்லும் இசைக் கட்டளைகள்) அனுப்ப யூஎஸ்பி அவசியம்.

ஆடியோ கேபிளில் டிரான்ஸ்பார்மர் ஐசோலேட்டர் (நேரடி மின் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்துவது) போட்டால் உடுக்கையின் அடிநாதம் கெடுமா, அல்லது அதே வேலையை யூஎஸ்பி இணைப்பில் செய்யும் யூஎஸ்பி ஐசோலேட்டர்தான் சரியா?