காற்றே இல்லாத பாறையில் நூறு கோடி சனம்: உலகம் உருவாக்கும் விதியில் எங்கே பிழை?

கல்லடியான்:
நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு பின்னேரங்களில் விண்வெளி ரோல்பிளே விளையாடுகிறோம். உலகங்களை உருவாக்க 1977இல் வந்த டிராவலர் என்ற விளையாட்டின் பழைய முறைதான். கிரகத்தின் அளவுக்கு இரண்டு டைஸ் போட்டு 2ஐக் கழிக்க வேண்டும், காற்றுக்கு இரண்டு டைஸ் போட்டு 7ஐக் கழித்து அளவைக் கூட்ட வேண்டும் (அளவு 0 என்றால் காற்றும் 0), சனத்தொகைக்குத் திரும்பவும் இரண்டு டைஸ், 2ஐக் கழி. சனத்தொகையில் வருவது பூச்சியங்களின் எண்ணிக்கை, 9 வந்தால் நூறு கோடி. ஒவ்வொன்றாக உருட்டி அலுத்துப்போய் பைத்தன் கணினி மொழியில் நிரல் எழுதி 10,000 உலகம் ஓட்டிப் பார்த்தேன். 387 உலகத்தில் துளி காற்றும் இல்லை, சனம் மட்டும் நூறு கோடிக்கு மேல். போன கிழமை விளையாடிய வரைபடத்தில் மட்டும் அப்படி இரண்டு. "மூச்சு விட வழியில்லாத இடத்தில இவ்வளவு சனம் இருந்து என்ன செய்யுது, கச்சான் விக்குதா?" என்று ஒருத்தன் கேட்டான், என்னிடம் பதில் இல்லை. இன்னொன்று, அளவு 3 உள்ள சின்னக் கிரகத்துக்கு அடர்த்தியான காற்று வருகிறது. காற்றில்லாவிட்டால் சனத்தொகையில் 4 குறை என்று விதி போடலாமா?

சாய்ந்தமருது 6டி:
தம்பி, விதியில் கை வைக்க முதல் டைஸ் உருட்டும் அந்த ஒரு வரியை இங்கே போடுங்கள். 387 எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லடியான்:
ராண்ட்இண்ட், அதாவது 2இலிருந்து 12 வரை ஏதாவது ஓர் எண்ணை எடுக்கும் கட்டளை. அதில் என்ன பிழை, காக்கா?

சாய்ந்தமருது 6டி:
அங்கேதான் ஆள் நிற்கிறார். நீங்கள் உருட்டியது இரண்டு டைஸ் இல்லை, பதினொரு முகம் உள்ள ஒற்றை டைஸ். இரண்டு டைஸில் 12 விழ 36இல் ஒரு வழிதான், 7 விழ ஆறு வழி. உங்கள் வரியில் இரண்டுக்கும் 11இல் ஒன்று. அதனால் ஓரத்து எண்கள் எல்லாம் ஊதிப் போய்விட்டன. சனத்தொகை 9 அல்லது 10 வருவது 12இல் ஒன்றாக இருக்க வேண்டும், உங்களுக்கு 11இல் இரண்டு. காற்று 0 ஆவது நூற்றுக்குப் பதினொன்றாக இருக்க வேண்டும், உங்களுக்கு இருபத்தொன்றைத் தாண்டும். பெருக்கிப் பாருங்கள், சரியான கணக்கில் 10,000க்குத் தொண்ணூறு சொச்சம்தான் வரும். 1இலிருந்து 6 வரை தனித்தனியாக இரண்டு தரம் எடுத்துக் கூட்டுங்கள். நானும் ஒரு காலம் இதே பிழையை விட்டுவிட்டு, புத்தகம் எழுதினவரைத் திட்டிக்கொண்டு திரிந்தவன்.

வாவிமீன்:
சின்னக் கிரகத்தில் அடர்ந்த காற்றா, அதை வெட்டிவிடாதீர்கள். சனிக் கோளின் துணைக்கோள் டைட்டனின் விட்டம் சுமார் 5,150 கிலோமீற்றர், உங்கள் விதியில் அதுவே அளவு 3. மேற்பரப்பில் காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு! அதைவிடப் பெரிய செவ்வாயில் பூமியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. டைட்டனில் குளிர் மைனஸ் 179 பாகை, அந்தக் குளிரில் வாயு மூலக்கூறுகள் மெதுவாகத்தான் அசையும், அதுதான் சின்ன ஈர்ப்பே பிடித்து வைத்திருக்கிறது. அளவு 3க்கு அடர்ந்த காற்று, அதாவது காற்று எண் 8, வர 12 விழ வேண்டும், 36க்கு ஒன்று. வந்தால் அந்த உலகம் கடுங்குளிர் என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

அக்கரைப்பற்றுக்காரி:
டைஸ் கதை சரி, ஆனால் அந்த மைனஸ் 4 வேண்டாம். காத்தான்குடியை எந்த விதி உருட்டித் தரும்? கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு மணல் என்று மட்டும் சொல்லி உருட்டச் சொன்னால் நீங்கள் நாலு வாடி போடுவீர்கள், அங்கே போய்ப் பார்த்தால் வீட்டோடு வீடு, கடையோடு கடை. அம்பாறை நகரமும் அப்படித்தான், 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியிராவிட்டால் இப்போதுள்ள நகரம் அங்கே ஏது. சனம் காற்றைப் பார்த்து மட்டும் குடியேறாது. அப்புறம், 10,000 உலகத்தை யார் விளையாடப் போகிறார்கள்? உங்கள் வரைபடத்தில் நாற்பது உலகம்தானே, திருத்தின கணக்கில் மூன்று வரைபடத்துக்கு ஒன்றுதான் இப்படி வரும். அந்த ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடியாதா? சுரங்கமோ, சிறையோ, பழைய போரில் காற்றைத் தொலைத்த ஊரோ, விளையாட்டை நடத்துகிறவருக்கு வேறு என்ன வேலை.

கல்லடியான்:
இரண்டு டைஸாக மாற்றி ஓட்டினேன், 94. காக்காவுக்கு ஒரு பிளேன்டி கடன். மைனஸ் 4ஐ வெட்டிவிட்டேன், குளிர் வரியைச் சேர்த்துவிட்டேன். பழைய வரைபடத்தைக் கிழிப்போம் என்றால்தான் பெடியன்கள் விடுகிறார்கள் இல்லை. அந்த இரண்டு பாறைகளில் ஒன்றுக்குக் கச்சான்கடை என்று பேர் வைத்து, அங்கே ஒரு கப்பலையும் அடகு வைத்துவிட்டார்கள்.