செய்மதியின் ஒரு நாளைத் திட்டமிட எக்செல் போதுமா?

கொட்டகலை மாணவி:
உயர்தரச் செயற்றிட்டத்துக்காக, கற்பனையான ஒரு செய்மதி எப்போது படம் எடுக்க வேண்டும், எப்போது மின்கலத்தை ஏற்ற வேண்டும், எப்போது தரவைத் தரைநிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை எக்செலில் அட்டவணையாக்கி வருகிறேன். நேற்று ஒரேயொரு படத்தை 10 நிமிடம் பின்தள்ளினேன். உடனே நினைவகம் நிரம்பிவிட்டது. அதைச் சரிசெய்தால் மின்கலம் தீர்ந்துபோகிறது. உண்மையான விண்கலங்களுக்கு எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்? எனது பழைய மடிக்கணினியில் இயங்கக்கூடியது ஏதும் உண்டா?

பதுளை வாசகர்:
தங்கச்சி, நீங்கள் முட்டிக்கொண்ட இடம்தான் இத்துறையின் மையப் பிரச்சினை. ஹபிள் தொலைநோக்கி ஏறத்தாழ 95 நிமிடத்தில் பூமியைச் சுற்றுகிறது. அதற்குள் பல இலக்குகளைப் பூமியே மறைத்துவிடும், தென் அத்திலாந்திக்குக்கு மேலுள்ள கதிர்வீச்சுப் பகுதியைக் கடக்கையில் பெரும்பாலான அவதானிப்புகளை நிறுத்திவைக்கவும் வேண்டும். இத்தகைய கட்டுப்பாடுகளைச் சேர்த்து எடைபோட்டு நீண்டகால அட்டவணை போடவே ஸ்பைக் என்ற மென்பொருள் உருவானது. 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி ஊர்திகளுக்கு மாப்ஜென் என்ற திட்டமிடல் மென்பொருள் இருந்தது. அதில் ஒரு வேலையை இழுத்து நகர்த்தினால், அதனோடு பிணைந்த வேலைகளையும் விதி மீறாதபடி மென்பொருளே நகர்த்தும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை மனிதர் தீர்மானிப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் மலை (கொழுந்து பறிக்கும் பகுதி) பிரித்துக் கொடுத்த பிறகு, மழை பிடித்ததும் ஐயா ஆட்களை வேறு மலைக்கு மாற்றுவார். கொழுந்து லொறி வரும் நேரம் மட்டும் மாறாது. தரவு இறக்கும் நேரத்தை அந்த லொறியாக வைத்துப் பாருங்கள்.

ஹப்புத்தளை:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். தீர்மானம் எப்போதும் மனிதரிடம் மட்டும் இருந்ததில்லை. 2000இல் ஏவப்பட்ட ஈஓ-1 செய்மதியில் பின்னர் காஸ்பர் என்ற திட்டமிடல் மென்பொருளை ஏற்றினார்கள். எடுத்த படத்தில் எரிமலைச் செயற்பாடு தென்பட்டால், பூமியின் அனுமதிக்குக் காத்திராமல், அதே இடத்தை மீண்டும் படமெடுக்கும்படி விண்கலமே தன் அட்டவணையை மாற்றிக்கொண்டது.

பதுளை வாசகர்:
உண்மைதான், நான் செவ்வாய் ஊர்திகளை மனத்தில் வைத்தே எழுதினேன்.

நுவரெலியா நிரலாளர்:
இலவசமாகக் கிடைப்பவற்றில், நாசாவின் ஜேபிஎல் ஆய்வுகூடம் திறந்த மூலமாக வெளியிட்ட ஏரி என்ற திட்டமிடல் மென்பொருள் உண்டு. பெயரைக் கேட்டால் காசல்ரீ நீர்த்தேக்கம்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் அது கழுகின் கூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். விண்கலத்தின் மாதிரியை ஜாவாவில் எழுத வேண்டும், பழைய மடிக்கணினிக்கும் அது பாரம். பைதன் நிரல்மொழியும், விதிகளுக்குப் பொருந்தும் அட்டவணையைத் தேடித்தரும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் நிரல்தொகுப்பும் உங்களுக்குப் போதும். ஒவ்வொரு வேலையையும் தொடக்கமும் முடிவும் கொண்ட ஓர் இடைவெளியாக வரையறுங்கள். கமரா ஒன்றே என்பதால் படமெடுக்கும் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்று ஒரு விதி, நினைவகம் எந்நேரமும் கொள்ளளவைத் தாண்டக்கூடாது என்று இன்னொன்று. மின்கலத்தைப் பிறகு சேருங்கள். மூன்றையும் முதல் நாளிலேயே சேர்த்தால் தீர்வு இல்லை என்ற பதில் வரும்போது எந்த விதி காரணம் என்று தேடியே பொழுது போய்விடும்.