கப்பல் கம்பெனி நல்லதா இல்லையா: எதை வச்சு முடிவு பண்றது?

அலைகரை:
அப்பாவுக்கு வர்ற தை மாசம் சதாபிஷேகம். அது முடிஞ்சதும் அப்பா அம்மா ரெண்டு பேரையும் சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற கப்பல்ல நாலு நாள் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். ரெண்டு வாரமா ரிவியூ படிக்கிறேன், குழப்பம்தான் கூடுது. ஒரே கப்பல், ஒரே வாரம் போனவங்க. ஒருத்தர் அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருக்கார். இன்னொருத்தர் ஒண்ணு. காரணம், பஃபேல காபி ஆறிப்போயிருந்ததாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரிவியூவை ஒதுக்கிட்டு எண்ணைப் பாக்கணும். கப்பலோட கிராஸ் டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால வகுத்தா ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம்னு தெரிஞ்சிடும். (டன்னேஜ்னதும் எடைன்னு நினைக்க வேண்டாம். உள்ளே மூடின இடம் மொத்தம் எவ்வளவுங்கிற அளவு அது.) குயின் மேரி 2: 149,215ஐ 2,691ஆல வகுத்தா 55. ஐகான் ஆஃப் த சீஸ்: 248,663ஐ 5,610ஆல வகுத்தா 44. எது நெரிசல்னு இதுலயே தெரியுது. அடுத்து, அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, சொல்லாம கொள்ளாம கப்பல்ல ஏறிச் சுத்தத்தைச் சோதிச்சு நூத்துக்கு மார்க் போடுது. 85ம் அதுக்குக் கீழயும் வந்தா ஃபெயில். அந்த மார்க்கை யார் வேணும்னாலும் பாக்கலாம். இந்த ரெண்டும் போதாதா? போதாதுன்னா ஏன்னு சொல்லுங்க.

மீனாட்சி உட்லண்ட்ஸ்:
போதாது தம்பி. நான் இதுவரைக்கும் ஒன்பது தடவை கப்பல்ல போயிருக்கேன், அஞ்சு மாமியாரோட. நீங்க வகுத்த ஐகான் கணக்குல 5,610ங்கிறது ஒரு கேபினுக்கு ரெண்டு பேர்னு வச்சது. பள்ளி விடுமுறையில யார் ரெண்டு பேரா போறாங்க? மூணாவது, நாலாவது படுக்கையும் நிரம்பும். அந்தக் கப்பல் 7,600 பயணிகள் வரைக்கும் ஏத்தும். அதால வகுத்துப் பாருங்க, 33கூட வராது. கப்பல் அதேதான், கம்பெனியும் அதேதான், ஆனா ஜூன் மாசம் போனவருக்கும் பிப்ரவரியில போனவருக்கும் கிடைச்ச இடம் வேற. அந்த ரெண்டு ரிவியூவும் உண்மையாவே இருக்கலாம்.

சிடிசி மார்க் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போற கப்பலுக்குத்தான். இங்கேயே சுத்திக்கிட்டிருக்கிற கப்பலுக்கு அந்தப் பட்டியல்ல பேரே இருக்காது.

நான் பாக்கிறது மூணு விஷயம். முதல் நாள் ஏற எவ்வளவு நேரம் நிக்க வச்சாங்க. ரெண்டாவது நாள் காலைல, கேபினைச் சுத்தம் பண்ற ஸ்டூவர்ட் என் பேரைச் சொன்னாரா. சாம்பார் சாதம் வயசானவங்க சாப்பிடுற மாதிரி குழைவா இருந்ததா. ஆறின காபியைச் சின்ன விஷயம்னு ஒதுக்கறீங்க. 80 வயசுக்காரருக்கு நாலு நாளும் சூடா ஒரு காபி கிடைக்கலைன்னா அவருக்கு அந்தப் பயணமே அவ்வளவுதான்.

பழைய எஞ்சின் ரூம்:
31 வருடம் கப்பலில் வேலை செய்து தூத்துக்குடியில் ஓய்வாக இருக்கிறேன். கடைசி 9 வருடம் பயணிகள் கப்பல். நீங்கள் இருவருமே கப்பலை ஓட்டலாக நினைத்துப் பேசுகிறீர்கள். ஓட்டலில் மின்சாரம் போனால் தெருவுக்கு வந்துவிடலாம். நடுக்கடலில் எங்கே போவீர்கள்?

2013 பிப்ரவரி 10. கார்னிவல் டிரையம்ஃப் மெக்சிகோ வளைகுடாவில் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் அறையில் தீ. தீயை அணைத்துவிட்டார்கள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மின்சாரம் போனது. அதோடு கழிவறையும் போனது, ஏனென்றால் கப்பலில் கழிவறை மின்சாரத்தில் இயங்கும் வெற்றிடக் குழாய் அமைப்பு. 4,200க்கும் மேற்பட்டவர்கள் நான்கு நாள் அந்த நாற்றத்தில் இருந்தார்கள். இழுவைக் கப்பல்கள் அமெரிக்காவில் மொபைல் என்ற ஊரின் துறைமுகத்துக்கு இழுத்துவந்தன. தீப்பிடித்த அன்று காலைவரை அந்தக் கப்பலுக்கும் நல்ல ரிவியூ எழுதியிருப்பார்கள்.

1999இல் வந்த கப்பல் அது. 2010 ஜூலை முதல் கட்டத் தொடங்கிய பெரிய பயணிகள் கப்பல்களுக்குப் புது விதி உண்டு: ஒரு பகுதியில் தீயோ வெள்ளமோ வந்தாலும் மீதிப் பகுதியின் இயந்திரத்தைக் கொண்டு துறைமுகம் திரும்ப வேண்டும். தம்பி, கப்பல் கட்டிய வருடத்தை முதலில் பாருங்கள். காபியை அப்புறம் பார்க்கலாம்.

மீனாட்சி உட்லண்ட்ஸ்:
ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா ஒரு பயணி எஞ்சினை எப்படிப் பாக்கிறது? கதவுக்கு அந்தப் பக்கம் எங்களை விடவே மாட்டாங்க. வருஷத்தை வச்சு முடிவு பண்ணலாம்னா வைக்கிங் ஸ்கை? 2017ல வந்த கப்பல். ஆடம்பரக் கப்பல்னு பேர். 2019 மார்ச்ல நார்வே கரைக்குப் பக்கத்துல புயல்ல எஞ்சின் நின்னு பாறையை நோக்கிப் போச்சே. புது விதி வந்ததுக்கு அப்புறம் கட்டினதுதானே?

பழைய எஞ்சின் ரூம்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். அங்கே எண்ணெய்த் தொட்டிகளில் இருக்கவேண்டிய அளவுக்கு உயவு எண்ணெய் இல்லை. கடல் கொந்தளித்ததும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கியது, அழுத்தம் குறைந்து ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாகத் தாமே நின்றன. 1,373 பேர் இருந்த கப்பல். 479 பேரை ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தூக்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. விதியும் புதிது, கப்பலும் புதிது, தொட்டியின் அளவை மட்டும் கவனிக்காமல் விட்டார்கள். நான் சொல்லவந்ததும் இந்தக் கவனத்தைத்தான். வருடம் அதற்கு முழு உத்தரவாதம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பயணியால் எதையும் பார்க்க முடியாது என்பதை ஏற்கமாட்டேன். ஏறிய அன்று ஆபத்துகாலப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று இத்தாலியின் சிவிடவேக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி நடக்கவேயில்லை. மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, அன்றைய விதியும் அதற்கு இடம் கொடுத்தது. அதன் பிறகுதான் புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனே, நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடவேண்டிய இடத்துக்கு ஒருமுறை போய் அட்டையைக் காட்டினால் போதும். அங்கே நிற்கிற ஊழியரிடம் "என் அம்மாவால் படி இறங்க முடியாது, அவசரத்தில் யார் வருவார்கள்?" என்று கேளுங்கள். அவர் தெளிவாகப் பதில் சொல்கிறாரா, சும்மா தலையாட்டி அனுப்பிவிடுகிறாரா? அந்த அரை நிமிடத்தில் எனக்குக் கம்பெனியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

டொராண்டோ சுதா:
ஐயா கடைசியாச் சொன்னதை நான் அனுபவத்திலை கண்டனான். அம்மாவைச் சக்கர நாற்காலியிலை வச்சுக் கரீபியன் பக்கம் போனனாங்கள். எந்தக் கம்பெனி எண்டு சொல்ல விருப்பமில்லை. நாலு துறைமுகம் எண்டு காசு கட்டினது. அதிலை ஒண்டு கப்பல் கரைக்குப் போகாத இடம், நடுவிலை நங்கூரம் போட்டுச் சின்னப் படகிலை ஏத்தி இறக்கிறது. நாற்காலியை அதிலை ஏத்த ஏலாது எண்டு அண்டைக்குக் காலமைதான் சொல்லிச்சினம். பதிவு செய்யேக்கையே நான் நாற்காலி எண்டு எழுதிக் குடுத்தனான்! இன்னொரு துறைமுகத்தைக் காத்து எண்டு விட்டிட்டினம். திருப்பித் தந்தது துறைமுக வரிக் காசு மட்டும். ஒப்பந்தத்திலை அப்பிடித்தான் போட்டிருக்காம்.

காத்துக்கு அவையள் என்ன செய்யிறது, அதிலை எனக்குக் கோவம் இல்லை. முதல் நாள் பின்னேரமே வானிலை தெரிஞ்சிருக்கும்தானே. அப்ப சொல்லியிருந்தால் அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி உடுத்து வெளிக்கிட்டு இருந்திருக்க மாட்டா. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கேல்லை. சாப்பாடு திறம். கேபினும் திறம். மற்ற ஆக்களைக் கேட்டால் நல்ல கம்பெனி எண்டுதான் சொல்லுவினம். நான் ஒரு நாளும் சொல்லமாட்டன். கெட்ட செய்தியை எப்ப, எப்பிடிச் சொல்லினம் எண்டதை வச்சுத்தான் நான் இப்ப கம்பெனியை மதிக்கிறது.

அலைகரை:
அக்கா, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? போய் வந்த அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதனாலதான் எண்ணைப் புடிச்சுத் தொங்கறேன். கம்பெனிகளே பயணிங்ககிட்ட கடைசி நாள் கருத்துக் கணிப்பு எடுக்கறாங்களே, அதையாவது நம்பலாமா?

முன்னாள் ஸ்டூவர்ட்:
அந்தக் கணிப்பைப் பத்தி நான் சொல்றேன். ஊர் குமரி மாவட்டம். 7 வருஷம் கேபின் ஸ்டூவர்ட். கடைசி ராத்திரி நாங்க ஒவ்வொரு கேபினா போய் "சார், பத்துக்குப் பத்து போடுங்க"ன்னு கேட்டிருக்கோம். எட்டு போட்டா உங்களுக்கு அது நல்ல மார்க். எங்க சூப்பர்வைசருக்கு அது புகார். பாத்ரூம் குழாய் ஒழுகினதுக்கு நீங்க கோவிச்சு ஆறு போட்டா, குழாய்க்காரருக்கு ஒண்ணும் ஆகாது, என் பேர்தான் அடிபடும். அதனால நல்ல மனசுக்காரங்க எல்லாம் பத்து போட்டுட்டுப் போயிடுவாங்க. அந்த மார்க்ல கம்பெனியைப் பத்தி என்ன இருக்கு?

மீனாட்சி அக்கா, பேர் சொல்லிக் கூப்பிடறதைச் சொன்னீங்க. அது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கேபின் பட்டியலை வச்சுக்கிட்டு முதல் ராத்திரியே மனப்பாடம் பண்ணுவோம். அன்பும் உண்டு, பொய் சொல்லலை. ஆனா கோவிடுக்கு அப்புறம் பல கம்பெனியில ரெண்டு வேளை சுத்தம் பண்றதை ஒரு வேளையாக்கி, ஆளுக்குக் கேபின் எண்ணிக்கையைக் கூட்டிட்டாங்க. சிரிப்பு மட்டும் குறையக் கூடாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி 24 மணி நேரத்துல 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆகணும். அதைத் துண்டு போட்டு 6 மணியும் 4 மணியுமா கொடுப்பாங்க. அதுவும் சட்டப்படிதான்.

எதைப் பாக்கணும்னு கேட்டா: உங்க ஸ்டூவர்ட்கிட்ட இந்தக் கம்பெனியில எத்தனையாவது காண்ட்ராக்ட்னு கேளுங்க. ஆறு, ஏழு மாசம் வேலை பாத்துட்டு ஊருக்குப் போனவன் மறுபடியும் அதே கம்பெனிக்கே வர்றான்னா ஏதோ நல்லது இருக்கு. கேக்கிற எல்லாருமே முதல் காண்ட்ராக்ட்னா யோசிங்க.

மீனாட்சி உட்லண்ட்ஸ்:
தம்பி, நீங்க சொன்னதைப் படிச்சு ரொம்ப நேரம் பதில் எழுத முடியலை. நான் எத்தனையோ தடவை எட்டு போட்டிருக்கேன். இனிமே ஆளைப் பத்தித் தனியா எழுதிக் கொடுத்துட்டு, கம்பெனி மேல இருக்கிற குறையைக் கம்பெனிக்குத் தனியா எழுதுவேன்.

ஆனா என் கருத்து மாறலை. காண்ட்ராக்ட் எத்தனைன்னு கேக்கிறதும், ஐயா சொன்ன அந்தக் கேள்வியும், எல்லாமே ஆளைப் பாத்துப் பேசித் தெரிஞ்சுக்கிறதுதானே? எண் இல்லையே.

பழைய எஞ்சின் ரூம்:
ஆளைப் பார்த்தால் போதும் என்பதற்கு மட்டும் ஒரு மறுப்பு. பிரின்சஸ் நிறுவனத்தின் கரீபியன் பிரின்சஸ் கப்பல் எண்ணெய்க் கழிவு கலந்த நீரை, எண்ணெயின் அளவைக் கண்காணிக்கும் கருவியை ஏமாற்றும் குழாய் போட்டுக் கடலில் விட்டது. 2013இல் புதிதாய்ச் சேர்ந்த ஒரு இளம் எஞ்சினியர் அதைக் கண்டு வேலையை விட்டு இறங்கி அதிகாரிகளிடம் சொன்னார். 2016 டிசம்பரில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. மேலே அருமையாக உபசரித்திருப்பார்கள். ஸ்டூவர்டுகள் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். கீழே கடலில் விஷம் போய்க்கொண்டிருந்தது. இது பொதுப் பதிவில் இருக்கிறது, டிக்கெட் வாங்கும் முன் யாரும் தேடிப் படிக்கலாம். நான் அந்த இளைஞர் நின்ற மாதிரி இடத்தில் நின்றிருக்கிறேன் அம்மா. சொல்லத் துணிவு வராமல் இருந்த நாட்களும் உண்டு. அதனால்தான் இதை விடமாட்டேன் என்கிறேன்.

மீனாட்சி உட்லண்ட்ஸ்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லை ஐயா.

டொராண்டோ சுதா:
கேள்வி கேட்ட தம்பிக்கு: முன்கூட்டி அறிய வழி இருக்கு. காசு கட்ட முதல் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கோ. அப்பாவின்ரை வயசைச் சொல்லி, எந்தெந்தத் துறைமுகத்திலை சின்னப் படகு எண்டு கேளுங்கோ. வாற பதிலைப் பாத்தாலே விளங்கும்.

அலைகரை:
போட்டேன் அக்கா. நான் யோசிச்சு வச்சிருந்த ரெண்டு கம்பெனிக்கும் ஒரே கடிதம். சின்னப் படகு உண்டா, அவசரத்துல படி இறங்க முடியாதவங்களுக்கு யார் வருவாங்க, சைவச் சாப்பாட்டைத் தனிப் பாத்திரத்துல சமைப்பாங்களான்னு மூணு கேள்வி. ஒரு இடத்துல இருந்து "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி"ன்னு சலுகை விளம்பரம் வந்துச்சு. இன்னொரு இடத்துல மூணாவது நாள் ஒருத்தங்க போன் பண்ணி மூணுக்கும் தனித்தனியா பதில் சொன்னாங்க. படகு ஒரு துறைமுகத்துல உண்டு, அப்பாவால முடியாதுன்னா அன்னிக்குக் கப்பல்லயே இருக்கிறது நல்லதுன்னு அவங்களே சொன்னாங்க. அதையே எடுத்துட்டோம். மீனாட்சி அக்கா சொன்ன மாதிரி பள்ளி விடுமுறை தாண்டி, பிப்ரவரி கடைசி வாரம். ஐயா, கட்டின வருஷம் 2016.

பழைய எஞ்சின் ரூம்:
நல்லது. கேபின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேளுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். லிப்டுக்குப் பக்கம், ஆனால் நேர் எதிரே வேண்டாம், இரவெல்லாம் சத்தம்.

மீனாட்சி உட்லண்ட்ஸ்:
கேபின் எண் வந்ததும் இங்கே போடுங்க. மேலே பஃபே சமையலறை இருக்கான்னு தள வரைபடத்துல பாத்துச் சொல்றேன். அப்பாவுக்குச் சின்ன பிளாஸ்க் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, காலைல காபியை அதுல வாங்கி வச்சுக்கலாம்.