ஆட்டோ முதுகில் விளம்பரம்: மாநகராட்சிக்கு இதில் என்ன வேலை?

கோட்டை அகழி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: வேலூர் ஆட்டோக்காரர்கள் ஊரையே போஸ்டர் சுவராக்கிவிட்டார்களாம், மாநகராட்சி நினைத்தால் ஒரே நாளில் எல்லா ஸ்டிக்கரையும் கிழித்துவிடலாமாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் என்று நடைபாதையை மறித்து பேனர் நிற்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண்ணின் உயிரே போனது. அதெல்லாம் இவர் கண்ணில் படவில்லை, ஆட்டோ முதுகில் இருக்கிற மூன்றடி ஸ்டிக்கர்தான் படுகிறது. ஆட்டோவுக்கு பர்மிட் கொடுப்பது ஆர்டிஓ. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் அது ஒப்பந்த ஊர்தி. மாநகராட்சி எங்கிருந்து வந்தது?

ஓட்டேரி வாசி:
எழுதியது நான்தான், ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறப் போவதில்லை. பேனர் தப்பு என்பதால் ஸ்டிக்கர் சரியாகிவிடுமா? ஆட்டோ கூண்டின் பின்பக்க ரெக்சினில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். பின்னால் வருகிற வண்டி தெரியட்டும் என்றுதான். அதன் மேல் நகைக்கடை விளம்பரத்தை ஒட்டி மூடுகிறீர்கள். போன மார்கழியில் ஆற்காடு ரோட்டில் என் முன்னால் போன ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் வலதுபக்கம் திரும்பியது. என் ஸ்கூட்டர் போய் மோதியது. முழங்கையில் எட்டுத் தையல். கீழே கிடந்தபடி நான் பார்த்தது அந்த விளம்பரத்தைத்தான். ஜன்னலே தெரியவில்லை.

மூணு சக்கரம்:
சார், காட்பாடி ஸ்டேஷனில் 22 வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். உங்களுக்கு அடிபட்டதற்கு உண்மையிலேயே வருத்தப்படுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், எந்த ஆட்டோக்காரனும் பின் ஜன்னல் வழியாகப் பார்த்து ஓட்டுவதில்லை. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் அங்கே தெரிவது மூன்று தலை. கல்கத்தாவிலிருந்து சிகிச்சைக்கு வருகிற குடும்பம் ஏறினால் சீட்டுக்குப் பின்னால் சூட்கேஸ், அதன் மேல் பாய் மூட்டை, அதற்கும் மேல் எக்ஸ்ரே கவர். பிறகு ஜன்னல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நாங்கள் பார்ப்பது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடியை. அன்றைக்கு அந்த ஆள் அதைப் பார்க்கவில்லை. குற்றம் அந்த ஆள் மேல், ஸ்டிக்கர் மேல் இல்லை.

ஓட்டேரி வாசி:
பார்ப்பதே இல்லை என்றால் ஜன்னல் எதற்கு வைக்கிறார்கள்?

மூணு சக்கரம்:
பயணி பார்ப்பதற்கு. காற்றோட்டமாக, வெளிச்சமாக இருப்பதற்கு. ரெக்சின் தைக்கிற கடையில் போய்க் கேளுங்கள். பாதிக் கடையில் ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்று நம்மிடமே கேட்பார்கள்.

முன்னாள் பில் கலெக்டர்:
நகராட்சியாக இருந்தபோதும், 2008இல் மாநகராட்சி ஆன பிறகும் வரி வசூலில் வேலை பார்த்தவன். ஒரு விஷயம் தெளிவுபடுத்துகிறேன். முன்பு விளம்பர வரி என்று ஒன்று இருந்தது. அரசமைப்பின் 101வது திருத்தத்தில் விளம்பரத்துக்கு வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் தந்த மாநிலப் பட்டியலின் 55வது பதிவை எடுத்துவிட்டார்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி அதற்குள் போய்விட்டது. ஆகவே மாநகராட்சி இன்று விளம்பர வரி போட முடியாது. ஆனால் உரிமக் கட்டணம் வேறு, வரி வேறு. ஹோர்டிங் வைக்க உரிமம் கொடுப்பது உள்ளாட்சியின் வேலைதான். ஓடுகிற வண்டி அதில் அடங்குமா என்பதுதான் கேள்வி. முதலில் விளம்பரம் என்றால் எது என்று பேசிவிட்டு...

ஓட்டேரி வாசி:
சார், வரியைப் பற்றி யார் கேட்டார்கள்? ஜன்னலை மூடலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 100இன்படி பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். காருக்கு ஒரு நியாயம், ஆட்டோவுக்கு ஒரு நியாயமா?

மூணு சக்கரம்:
அது கண்ணாடிக்கு. ஆட்டோவில் இருப்பது பிளாஸ்டிக் ஷீட். இரண்டு வெயில் காலம் வேலூரில் நின்றால் ஸ்டிக்கர் இல்லாமலே மஞ்சளாகிவிடும். 70 சதவீதம் என்ன, 7 சதவீதம் கூடத் தெரியாது.

ஓட்டேரி வாசி:
அப்போது ஒத்துக்கொள்கிறீர்கள், ஜன்னல் தெரியாமல்தான் ஓட்டுகிறீர்கள்.

மூணு சக்கரம்:
ஜன்னல் வேண்டியதில்லை என்கிறேன். நான் சொன்னதைத் திருப்பிப் போடாதீர்கள்.

காட்பாடி மாணவன்:
சட்டம் படிக்கிறேன், வகுப்பில் இதே வழக்கு வந்தது. நியூயார்க் நகரத்தில் விளம்பர வண்டி தெருவில் ஓடக் கூடாது என்று ஒரு விதி. சொந்தத் தொழிலின் பெயரை வண்டியில் எழுதிக்கொள்ளலாம், அடுத்தவன் விளம்பரத்தை வாடகைக்குச் சுமக்கக் கூடாது. சுமார் 1,900 லாரி வைத்திருந்த ஒரு பார்சல் நிறுவனம் அபராதம் கட்டியது, 1949இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கவனம் சிதறுவது இரண்டுக்கும் ஒன்றுதானே, சொந்தப் பெயரானால் என்ன, வாடகை விளம்பரமானால் என்ன என்று கேட்டார்கள். நீதிபதி டக்ளஸ் தீர்ப்பு எழுதினார். போக்குவரத்தை அறிந்த உள்ளூர் நிர்வாகம் இரண்டையும் வேறாகப் பார்க்கலாம் என்று நகரத்தின் பக்கம்தான் தீர்ப்பு. ஆக ஓட்டேரி சார் பக்கம் நியாயம் இருக்கிறது.

மூணு சக்கரம்:
தம்பி, நல்லா படிங்க, சந்தோஷம். அதே நியூயார்க்கில் டாக்சியின் தலையில் விளம்பரப் பெட்டி வைத்து ஓட்டுகிறார்களே, அதையும் வகுப்பில் சொன்னார்களா? அங்கே அதற்கு லைசென்ஸ் கொடுக்க டாக்சிக்கென்றே தனி ஆணையம் இருக்கிறது. எங்களுக்கும் ஆபீசில் ஒரு கவுன்ட்டர் வைத்து, இவ்வளவு அகலம், இந்த இடம், இவ்வளவு கட்டணம் என்று சொல்லட்டும், கட்டுகிறோம். இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஏஜென்ட் வருவார், மாதம் 600 ரூபாய் என்பார், ஒட்டுவார். மூன்றாவது மாதம் போன் எடுக்க மாட்டார். எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகிற அன்று காலையில் நாங்கள்தான் உட்கார்ந்து உரிக்க வேண்டும். மேல்தாள் வந்துவிடும், பசை வராது. துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்தால் ரெக்சினின் கலரும் சேர்ந்து வரும். போன முறை என் மகள்தான் பிளேடு வைத்து உரித்தாள். நகத்துக்கடியில் இரண்டு நாள் பசை போகவில்லை, அந்தக் கையோடு பரீட்சை எழுதப் போனாள். எலெக்‌ஷன் வந்தால் அதுவும் கிடையாது. கேட்காமலே ஒட்டிவிட்டுப் போவார்கள், காசும் இல்லை, கிழித்தால் சண்டை. இதில் ஊரைக் கெடுத்தவன் நானா?

சத்துவாச்சாரி டீச்சர்:
அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. எனக்கு வேறு வருத்தம். மருத்துவமனை பக்கம் ஓடுகிற ஆட்டோக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர் விளம்பரமெல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும். தமிழ் எங்கே? கடைப் பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறதே.

மூணு சக்கரம்:
டீச்சர், அது கடைக்கு. ஆட்டோ கடை இல்லை. ராத்திரி ரயிலில் இறங்குகிற அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வங்காளத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எந்த லாட்ஜில் சமைக்க விடுவார்கள் என்று விசாரிக்கிறார்கள்.

சத்துவாச்சாரி டீச்சர்:
அதற்காக ஒரு வரி தமிழ் கூட இல்லாமலா? என் வகுப்புப் பிள்ளைகள் ஆட்டோவைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு எதிரி என்கிறீர்கள்.

மூணு சக்கரம்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கோட்டை அகழி:
திரி எங்கேயோ போகிறது. நான் கேட்டது அதிகாரம் யாருக்கு என்று. பில் கலெக்டர் சாரை யாரும் பேச விடவில்லை.

முன்னாள் பில் கலெக்டர்:
விடுங்கள் தம்பி. முப்பது வருஷம் ஆபீசிலும் இதேதான். நான் பதிவேட்டைக் காட்டுவேன், அவர்கள் கத்துவார்கள்.

ஓட்டேரி வாசி:
மொழி, வரி, நியூயார்க் எல்லாம் பேசியாயிற்று. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஜன்னல் மூடியிருந்ததா இல்லையா? மூடியிருந்தது. நான் பார்த்தேன். அவ்வளவுதான்.

மூணு சக்கரம்:
மூடாமல் இருந்தாலும் அந்த ஆள் திரும்பியிருப்பார். நாளைக் காலை எட்டு மணிக்கு ஸ்டாண்டுக்கு வாருங்கள் சார். என் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று இங்கேயே வந்து எழுதுங்கள்.

ஓட்டேரி வாசி:
வருகிறேன், மீட்டர் போட்டு பாகாயம் வரை கூட்டிப் போவதாக இருந்தால்.

மூணு சக்கரம்:
போன வருஷம் மீட்டர் விவாதத்திலும் கடைசியில் இங்கேதான் வந்து நின்றீர்கள். அன்றைக்கும் டீசல் விலையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஓட்டேரி வாசி:
மீட்டருக்கு அப்புறம் வரலாம். முதலில் ஜன்னல்.